பெரியபிள்ளையான பிறகு

மூன்றாம் மாடி,
வெள்ளவத்தை.
11.06.2025, புதன்கிழமை

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மாமா,

நானும் அம்மாவும் சுகம். கட்டாரில் அப்பாவும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னார். நீங்களும் மாமியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் போன கிழமை தொலைபேசியில் மாமியின் இருமலைக் கேட்டபடியால் அப்படி எழுதக் கை வரவில்லை. இந்தக் கடிதம் வந்துசேர முன்னரே அந்த இருமல் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்குக் கடிதமா என்று நீங்கள் யோசிப்பீர்கள். பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் நேரில் வந்து சொல்லலாம்தான். நேரில் வந்தால் மாமி சாப்பாடு போடுவார், சாப்பிட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். தொலைபேசியில் சொல்லலாம் என்றால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் கதைப்பீர்கள். நான் சொல்வது மாமிக்குக் கேட்கும், மாமி வழியாகப் பின்னேரமே அம்மாவுக்கு வந்துவிடும். ஆகவே தபால். முத்திரையை உறையின் எந்த மூலையில் ஒட்டுவது என்று தபாற்கந்தோரில் கேட்டு வைத்திருக்கிறேன். அங்கிருந்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. அதில் ‘தாய், தந்தை அல்லது பாதுகாவலர்’ என்று போட்ட கோட்டின் மேல் நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டும். அடுத்த கிழமை வியாழக்கிழமைக்கு முன்னர் அதை நான் கம்பஸில் கொடுக்க வேண்டும். கம்பஸ் இசைக்குழுக்களின் இறுதிச் சுற்று கண்டியில் நடக்கிறது, எங்கள் குழு தெரிவாகியிருக்கிறது. எங்கள் குழுவில் மூன்றே மூன்று பேர். ஒருவரின் படிவம் குறைந்தாலும் குழு போக முடியாது. எனக்கு இருபத்துமூன்று வயது, மாமா. ஒரு வருடத்துக்குள் மூன்று தேர்தல்களில் வாக்களித்துவிட்டேன். நாட்டை யார் ஆளலாம் என்று மூன்று தடவை என்னிடம் கேட்டார்கள். கண்டிக்குப் போய்க் கிற்றார் வாசிக்கலாமா என்பதை மட்டும் நான் சொல்லக்கூடாதாம், வேறொருவர் சொல்ல வேண்டுமாம்.

கிற்றாரா என்று நீங்கள் இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைப்பீர்கள். தயவுசெய்து திரும்ப எடுங்கள். பேஸ் கிற்றார். நாலு கம்பிதான். இரண்டு வருடமாக வாசிக்கிறேன், அம்மாவுக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் புள்ளிவிபரவியல் வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன். அது முழுப் பொய்யும் இல்லை. நான், ரெனால்ட், அஹ்ஸன் மூவரும் முதன்முதலில் சந்தித்ததே புள்ளிவிபரவியல் மீள்பரீட்சையில்தான். ஆகவே குழுவுக்கும் ‘மீள்பரீட்சை’ என்றே பெயர் வைத்தோம். (மீள்பரீட்சை எழுதியதும் அம்மாவுக்குத் தெரியாது. அதையும் நீங்கள் தெரியாதது போலவே இருங்கள்.) ரெனால்ட் ட்ரம்ஸ், அஹ்ஸன் பாட்டும் மற்றக் கிற்றாரும். கொச்சிக்கடையில் ரெனால்டின் வீட்டு மேல் அறையில் பழகுகிறோம், என் கிற்றாரும் அங்கேதான் குடியிருக்கிறது. நான் ஏன் மறைத்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அம்மா ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நான் ஒருநாளும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காத கேள்விக்குப் பயந்து இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பதினொரு நாளுக்கு முன், சனிக்கிழமை, அஹ்ஸனின் சாச்சா, அவனுடைய வாப்பாவின் தம்பி ஸாலிஹ் அழைத்தார். அவர் மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர். வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் பின்னேர நிகழ்ச்சிக்கு வரவேண்டிய இசைக்குழுவில் பாடகருக்கு டெங்கு, நீங்கள் மூன்று பேரும் வந்து ஏதாவது வாசியுங்கள் என்றார். கண்டிக்கு முன் சனத்துக்கு முன்னால் ஒருதரம் வாசித்துப் பார்க்கலாம் என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம். என்ன நிகழ்ச்சி என்று ஒருவரும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் வாசலில் பலூன் வளைவு, மேடையில் சிம்மாசனம் மாதிரி ஒரு கதிரை, அதன் பின்னால் மயில் தோகை விரித்த பெரிய அலங்காரம். வாசலில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவர், உங்களுக்கு மேல்வீட்டில் முன்பு இருந்தார்களே, அந்த நிஷாந்தி அன்ரி. அவருடைய மகள் டிலக்சிகா பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு.

திரும்பி ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். பிறகு யோசித்தேன்: எங்களுக்கு அழைப்பு வரவில்லை, அம்மாவோ காலையிலேயே கிருலப்பனையில் சுகமில்லாமல் இருக்கும் ஒரு ரீச்சரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார். ஆகவே பயமில்லை. நிஷாந்தி அன்ரி என்னைக் கடைசியாகப் பார்த்தது பாடசாலைச் சீருடையில், அடையாளம் பிடிக்க மாட்டார். மேடையின் பின்பக்கத்தால் ஏறிப் போனேன்.

அங்கே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் டிலக்சிகாவே இருந்தாள். பன்னிரண்டு வயது. கழுத்தில் இருந்த மாலையும் தலையில் இருந்த பூவும் சேர்ந்து அவளைவிடப் பாரமாக இருந்திருக்கும். தோழிப்பிள்ளைகளை எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என் கிற்றாரைக் கண்டதும் கண் விரிந்தது.

“அக்கா, நீங்களோ வாசிக்கிறது?”

“ஓம்.”

“நீங்களும் பெரியபிள்ளையானனீங்களோ?”

“ஓம். பதினொரு வருசத்துக்கு முன்னம்.”

அவள் கழுத்து மாலையைக் கையால் தூக்கிப் பிடித்தாள். “பிறகு என்ன நடந்தது?”

மாமா, நான் நிறைய வாசிப்பவள் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்வீர்கள். அந்தக் கேள்விக்கு நான் வாசித்த எதிலும் பதில் இருக்கவில்லை. “பிறகு ரியூஷன்” என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை. என்னுடைய சாமத்திய வீட்டில் நீங்கள் தேங்காய் உடைக்க, மாமி தண்ணீர் வார்க்க, முந்நூறு பேர் வந்து நான் பெரியபிள்ளை என்று ஒத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வீடியோவில் என் முகம் ஒரு தாமரைப்பூவுக்குள் இருந்து சுழன்று சுழன்று வெளியே வரும். திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனால் தனியாகப் பஸ்ஸில் வரக்கூடாது என்றார்கள். அதற்கு முதல் கிழமை வரை தனியாகத்தான் வந்தேன். பெரியபிள்ளையாவதற்கு முதல் என்னை நம்பினார்கள், ஆன பிறகு நம்பவில்லை. இது எப்படி என்று உங்களிடம் கேட்க வேண்டும் என்று அன்றில் இருந்து நினைத்திருக்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை, அறியத்தான் கேட்கிறேன்.

நிகழ்ச்சி தொடங்கியது. எங்களுக்கு முழுதாகத் தெரிந்தவை ஏழு பாட்டுகள், அதில் ஐந்து காதல் தோல்வி, ஒன்று சாவு. மிச்சம் ஒன்றைத்தான் மூன்று வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தோம். அஹ்ஸன் எங்களில் நன்றாகக் கதைக்கக்கூடியவன் என்பதால் ஒலிவாங்கி அவன் கையில். பிள்ளையைச் சேலை மாற்றி நடத்திக் கூட்டி வந்தார்கள், பக்கத்தில் வேட்டியும் தலைப்பாகையுமாக அவளுடைய மாமா. அஹ்ஸன் அதைப் பார்த்தான். உற்சாகம் தாங்காமல், “மணமக்கள் ரெண்டு பேரையும் கைதட்டி வரவேற்போம்! மணமகன் வெட்கப்படாம முன்னுக்கு வாங்க!” என்று அறிவித்தான்.

வீடியோக்காரர் வின்சன்ற் கமராவைக் கீழே இறக்கினார். தலைப்பாகை கட்டிய மாமா பின்னால் திரும்பி மணமகனைத் தேடினார். டிலக்சிகா வாய்விட்டுச் சிரித்தாள், “சிரியாத, மேக்கப் வெடிக்கும்” என்று யாரோ அவளை அதட்டினார்கள்.

“டேய் லூசு,” என்றான் ரெனால்ட் ட்ரம்ஸுக்குப் பின்னால் இருந்து, “இது பெரியபிள்ளையான ஃபங்ஷன்டா. மாப்பிள்ளை இல்ல!”

“எனக்கெப்புடித் தெரியும் மச்சான்? சாச்சா சென்னது கலியாணம் மாதிரிண்டு.”

“மாதிரிதானேடா சொன்னாரு!”

“அப்ப மாதிரிக்கு மாப்பிள்ளை இல்லையா?”

நான் சிரிப்பை அடக்கக் குனிந்தபடி வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஆலாத்தி எடுக்கப் பெண்களை இரண்டிரண்டு பேராக அழைத்தார்கள். நாலாவது சோடியாகத் தட்டை ஏந்திக்கொண்டு படியேறி வந்தவர், அரக்குப் பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, கிருலப்பனையில் சுகமில்லாத ரீச்சரைப் பார்க்கப் போன என் அம்மா.

பேஸ் கிற்றாரில் ஒரு குணம் இருக்கிறது மாமா. அது வாசிக்கும்போது ஒருவருக்கும் கேட்காது. நிறுத்தினால்தான் ஏதோ இல்லாமல் போனது என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஸாலிஹ் சாச்சாவின் பெரிய ஸ்பீக்கருக்குப் பின்னால் நான் பாதி உடம்பை ஒளித்திருந்தேன், தொடர்ந்து வாசித்திருந்தால் தப்பியிருப்பேன். என் கை நின்றுவிட்டது. மண்டபம் முழுவதும் திரும்பியது. அம்மாவும் திரும்பினார். என்னைப் பார்த்தார், கிற்றாரைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். தட்டில் இருந்த திரி ஆடியது. பிறகு பிள்ளைக்கு மூன்று தரம் சுற்றி, பொட்டு வைத்து, படியால் இறங்கி, நேரே சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டார். அடுத்த நாலு தடவையும் அந்தப் பாட்டை நான் எந்தச் சுருதியில் வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது. ரெனால்டும் சொல்ல மறுக்கிறான்.

அன்றில் இருந்து அம்மா இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இதுதான் என்னைக் கொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை தேங்காய் துருவிக்கொண்டே, “வகுப்பு எப்பிடி?” என்றார்.

“நல்லம். ரீச்சருக்கு எப்பிடி?”

“பரவாயில்லை.”

இரண்டு பேரும் தேங்காய்ப்பூவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதன் பிறகு புட்டும் முட்டைப்பொரியலுமாக நாட்கள் போகின்றன. எனக்கு இரண்டு முட்டை வைக்கிறார். ஏச்சு என்றால் வாங்கிவிடுவேன், இந்த இரண்டாவது முட்டைக்கு என்ன அர்த்தம் என்றுதான் விளங்கவில்லை. அம்மாவை உங்களுக்கு ஐம்பத்திரண்டு வருடமாகத் தெரியும். அவர் கடுங்கோபத்தில் இப்படித்தான் இருப்பாரா? இந்த நிலையில் படிவத்தை அவரிடம் நீட்ட எனக்குத் தைரியம் இல்லை.

நண்பர்களிடம் கேட்டேன், ஒரு ஆள் எப்போது பெரிய ஆளாகிறது என்று. முதல் சம்பளத்தோடு என்றான் ரெனால்ட். “உம்மா கோல் எடுத்து எங்க ஈக்கிற எண்டு கேக்காத நாள்ல” என்றான் அஹ்ஸன், அவன் சொல்லி முடிக்க முன்னரே அவனுடைய உம்மா கோல் எடுத்தார். உங்களிடமும் கேட்கிறேன். உங்களுக்குத் தண்ணீர் வார்க்க, ஆலாத்தி எடுக்க ஒருவரும் வரவில்லை. அப்படியென்றால் எந்த நாளில் உங்களுக்குத் தெரியவந்தது? ஒருவேளை கையெழுத்து வைக்கும்போது கை நடுங்காத நாளா? தெரிந்தால் படிவத்தின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

உங்களுக்குச் சிரமம் தருவதற்கு மன்னிக்க வேண்டும். மாமிக்கு என் அன்பைச் சொல்லுங்கள், கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் மூன்று பேருக்கும் வேண்டும், முக்கியமாக அஹ்ஸனின் வாய்க்கு.

என்றும் உங்கள் அன்பு மருமகள்,
சாமினி

பின்குறிப்பு: மாமா, மேலே உள்ள எல்லாவற்றையும் வாசித்துவிட்டீர்கள் என்றால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை. உறையில் உங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டார். முகம் வெளிறிப்போனது.

“அண்ணைக்கு என்னத்துக்குக் கடிதம்? நிஷாந்தி வீட்டு விசயம் எழுதிப்போட்டியோ?”

“எழுதினனான். ஏன்?”

அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது: நிஷாந்தி அன்ரி நேரில் வந்து சொல்லாமல் அழைப்பிதழை வட்ஸ்அப்பில் அனுப்பியதால் உங்களுக்குக் கோபம், எங்கள் பக்கத்தால் ஒருவரும் அங்கே போகக்கூடாது என்று அம்மாவிடம் நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அந்த ரீச்சருக்கு ஒரு சுகவீனமும் இல்லை. பதினொரு நாளாக நான் அம்மாவுக்குப் பயந்து பேசாமல் இருந்தேன். அம்மாவோ, நான் உங்களிடம் சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பயந்து பேசாமல் இருந்திருக்கிறார். இரண்டாவது முட்டை அதற்குத்தான்.

கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். “தா, முதல் வாசிச்சுப் பாப்பம்” என்று அடுப்பை நிறுத்திவிட்டு நின்றபடியே வாசித்தார். மணமகன் வந்த இடத்தில் சிரித்தார், மீள்பரீட்சை வந்த இடத்தில் என்னைப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்து, ஒன்றும் கேட்காமல் தானே கையெழுத்து வைத்தார். ஆகவே உங்களுடைய கையெழுத்து இனித் தேவையில்லை, படிவத்தை உறையில் இருந்து எடுத்துவிட்டேன். கடிதத்தையும் எடுக்கப் போனேன், விடவில்லை. பேனையை வாங்கினார். கீழே இருப்பது அம்மாவின் எழுத்து.

அண்ணா, பிள்ளை எழுதினது உண்மை. நீங்கள் வேண்டாமெண்டு சொன்ன பிறகும் நான் போனனான். அந்தப் பிள்ளை பிறந்த அண்டைக்கு ஆசுப்பத்திரியில அதை முதல் கையில வாங்கினது நான். கார்ட் எப்பிடி வந்தாலும் நான் போகத்தான் வேணும். உங்களுக்குப் பொய் சொன்னதுதான் பிழை. ஞாயிற்றுக்கிழமை காலமை வாறன், ஏசுறதெண்டால் அப்ப ஏசுங்கோ, இருந்து கேக்கிறன். ஏசி முடிஞ்ச பிறகு, கண்டிக்குப் போக உங்களுக்கும் மச்சாளுக்கும் சேத்து சீற் பிடிக்கிறதோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. — சுபோதினி