சுசீலாவை ஏற்றிக்கொண்டு போன துபாய் பஸ்

அஜ்மான்,
சனிக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஐயப்பன் அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கை சுசீலாவின் கணவன் சேதுமாதவன் வணக்கத்துடன் எழுதுவது. திண்டுக்கல்லில் தங்கள் சர்க்கரையும் பஞ்சவர்ணம் அக்காவின் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் சுகம். முழங்காலின் வரலாறு கீழே வருகிறது.

அதற்கு முன் ஒரு விளக்கம். நாங்கள் ரிசார்ட்டில் தங்கியிருப்பதாக மகன் விஜயபாஸ்கர் போனில் சொன்னதிலிருந்து, அங்கே சீட்டும் சூதாட்டமும் நடக்கும், மாப்பிள்ளை பென்ஷனைத் தொலைத்துவிட்டுத்தான் வருவார் என்று தாங்கள் தெருவெல்லாம் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டேன். இந்த நாட்டில் அதற்கெல்லாம் இடமே கிடையாது மச்சான். இது விஜயபாஸ்கரின் கம்பெனி விடுமுறைக்குக் கொடுத்த கடற்கரை ஓட்டல். இங்கே நான் கண்ட ஒரே சூது, பேத்தி ஹர்ஷினி என்னோடு ஆடும் பாம்புக்கட்டம்தான். நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் அவள் தாயக்கட்டையைத் திருப்பி வைத்துவிடுகிறாள். கேட்டால், "தாத்தா, யூ ஆர் ஸோ ஸ்லோ" என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்த ஷியாமளாவைத் தங்களுக்கு நினைவிருக்கும். சுசீலாவும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவள் இப்போது பர் துபாயில் மகள் வீட்டில் இருக்கிறாள். இருந்தாள் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மகள் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடியேறுகிறாள், விமானம் நேற்று இரவு. எனவே நேற்றுப் பகலை விட்டால் இந்த ஜென்மத்தில் இருவரும் சந்திப்பது சந்தேகம். விஜயபாஸ்கர் காரில் கூட்டிப்போவதாக இருந்தான், காலையில் சைட்டில் ஏதோ பம்பு வெடித்துவிட்டது என்று போன் வந்து, விடுமுறை என்றும் பாராமல் ஓடினான். ஓடும்போதே, "அப்பா, டாக்ஸி சொல்லிவிடட்டுமா? நேரா வாசல்ல இறக்கிவிட்டுருவான்" என்றான். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் டிக்கெட் பரிசோதகனாகத் தொடங்கிக் கிளை மேலாளராக ஓய்வு பெற்றவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "பஸ்ஸுல எப்படிப் போறதுன்னு எனக்கு நீ சொல்லித்தர்றியா?" என்றேன். அவன் தன்னிடமிருந்த இன்னொரு செல்போனை என் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுப் போனான். அதில் எதை அழுத்துவது என்று நான் கேட்கவில்லை.

அஜ்மானிலிருந்து ஷார்ஜாவின் ரோலா வரை பகிர்ந்து போகும் வாடகைக் கார். ஓட்டுநர் ஒரு பட்டாணியர். நான் தூர்தர்ஷன் காலத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த ஹிந்தியை அவரிடம் பேசினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் பின்சீட்டிலிருந்த சுசீலா சுத்தத் தமிழில், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்க, அவர் உருதுவில் பதில் சொல்ல, ரோலா வருவதற்குள் பெஷாவரில் அவருடைய மூத்த மகளுக்கு வரன் தள்ளிப்போகிற கவலை முழுவதும் இவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இறங்க வேண்டிய இடம்கூடத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ரோலாவைத் தாங்கள் பார்க்க வேண்டும் மச்சான். வாரம் முழுவதும் தொழிலாளர் கேம்ப்பில் அடைந்து கிடந்த அத்தனை ஆண்களும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு துபாய் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறார்கள். நான் கௌண்டரில் டிக்கெட் வாங்கி, அவளுடையதை அவள் கையில் கொடுத்து, மற்றதையெல்லாம், அதாவது பர்ஸ், செல்போன், விலாசச் சீட்டு, தண்ணீர் பாட்டில் அனைத்தையும், பாதுகாப்புக் கருதி என்னிடமே வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். அப்போது வரிசையை ஒழுங்கு செய்தவர், "லேடீஸ்! லேடீஸ்!" என்று கத்தினார். இங்கே பெண்களுக்கு வரிசை கிடையாது, நேராக முன்பக்கம் ஏறலாம். சுசீலா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஏறினாள். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆண்கள் ஏறத் தொடங்கினார்கள். எனக்கு முன்னால் இருந்தவரோடு பஸ் நிரம்பியது. "மை வைஃப்! மை வைஃப்!" என்று கூவினேன். "லைன், லைன்" என்றார் வரிசையை ஒழுங்கு செய்தவர். கதவு மூடியது. தங்கள் தங்கையை ஏற்றிக்கொண்டு பஸ் போயே போய்விட்டது.

எனக்கு வந்த படபடப்பை எழுத்தில் எப்படிச் சொல்வேன்? தமிழ் தவிர வேறு பாஷை தெரியாதவள், கையில் காசில்லை, விலாசமில்லை, போனில்லை. பக்கத்தில் இன்னொரு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "துபாயா?" என்றேன். "துபாய், துபாய்" என்றார்கள். பாய்ந்து ஏறினேன். போர்டைப் படிக்காமல் ஏறிய பயணிகளை எத்தனை பேரை நான் திட்டியிருக்கிறேன்! அது பர் துபாய் போகிற பஸ் இல்லை, கடல் கழிக்கு இந்தப் பக்கம் தேராவிலேயே நின்றுவிடுகிற பஸ் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து சீட்டில் கார்மேகம் என்று ஒரு தம்பி, முதுகுளத்தூர்க்காரர், ஷார்ஜாவில் காண்ட்ராக்ட் வேலை. என் கதையைக் கேட்டதும், "பயப்படாதீங்கய்யா, நான் கூட வாரேன்" என்றார். எனக்குப் பாதி உயிர் திரும்பியது. "துபாய் உங்களுக்கு நல்லாத் தெரியுமா?" என்றேன். "எனக்கு கேம்ப்பும் சைட்டும்தான்யா தெரியும். இன்னைக்குத்தான் மொதத் தடவையா வாரேன். அம்மாவைத் தேடுற சாக்குல நானும் ஊரைப் பாத்த மாதிரி ஆச்சு" என்றார். அந்தப் பாதி உயிரும் போயிற்று.

கழியைக் கடக்க அப்ரா என்று ஒரு மரப்படகு. ஓரத்தில் கைப்பிடி கிடையாது. கார்மேகம் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் படகின் நடுக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். நடுக்கழியில் ஒரு வாத்து கத்தத் தொடங்கியது. விடாமல் கத்தியது. மனைவியைத் தொலைத்தவன் இருக்கிற படகில் வாத்தைக் கொண்டு வந்தது யார் என்று எனக்குக் கோபம் வந்து, எதிரே கூடை வைத்திருந்த ஒரு பெரியவரைத் தமிழிலேயே கண்டித்தேன். அவர் கூடையைத் திறந்து காட்டினார். தக்காளி. அந்தக் குழப்பத்தில் கரையில் கால் வைக்கும்போதுதான் முழங்கால் படித்துறையில் மோதியது.

துணிக்கடைச் சந்து வழியாக, விலாசச் சீட்டில் எழுதியிருந்த கோயில் பக்கம் நொண்டிக்கொண்டே போனோம். தொழுகை நேரம், கடைகளெல்லாம் சாத்தியிருந்தன. பூ விற்கிற ஓரிடத்தில் மட்டும் ஆள் இருந்தது. கார்மேகம் விசாரிக்கப் போய்த் திரும்பி வந்து, "ஐயா, அம்மா என்ன சேலை கட்டியிருந்தாங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை மச்சான்.

காலையில் ஒரே அறையிலிருந்து கிளம்பினோம், ஒரே காரில் வந்தோம். என்ன நிறம் என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், எங்கே போனாலும் நான் முன்னால் நடப்பேன், அவள் பின்னால் வருவாள். வருகிறாளா என்று கொலுசுச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வேனே தவிரத் திரும்பிப் பார்த்தது கிடையாது. அந்தச் சந்தில் நின்று முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அப்போது மறுபடியும் வாத்து கத்தியது. கார்மேகம் என் நெஞ்சருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஐயா, வாத்து உங்க சட்டைக்குள்ளதான் கத்துது" என்றார். செல்போன். ஹர்ஷினி வைத்த சத்தமாம். கார்மேகம் பட்டனை அழுத்திக் காதில் வைத்துவிட்டார். "என்னங்க, எங்க இருக்கீங்க? எத்தனை தடவ கூப்பிடுறது? சோறு ஆறிப்போகுது" என்றாள் தங்கள் தங்கை, ஷியாமளா வீட்டிலிருந்து.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு கேரள நர்ஸிடம் கோயிலுக்குப் பின்தெரு, நகைக்கடைக்கு மேல்மாடி என்று இவள் தமிழில் சொல்ல, அந்தப் பெண் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போனாளாம். ஷியாமளாவின் மகள் விஜயபாஸ்கரிடம் கேட்டு என் செல்போன் நம்பரை வாங்கித் தந்தாளாம். நான் மாடியேறிப் போனபோது, கட்டிய பெட்டிகளின் மேல் இருவரும் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் முழங்காலைப் பார்த்ததும் சுசீலா சிரிப்பை நிறுத்தினாள். தைலம் தேய்த்தபடி, "பயந்துட்டீங்களா?" என்றாள். "நானா?" என்றேன். கார்மேகம் வாயைத் திறந்தார், நான் அவர் இலையில் இன்னொரு அப்பளம் வைத்தேன். சாயங்காலம் விஜயபாஸ்கர் காரில் வந்து அழைத்துப்போனான். ஷியாமளாவை விட்டுப் பிரியும்போது சுசீலா அழவில்லை. காரில் ஏறிய பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாம்பழ நிறச் சேலை. பார்த்துக்கொண்டேன்.

இதிலிருந்து நான் எடுத்திருக்கும் முடிவு: சுசீலா வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அந்தப் பஸ்ஸில் என்ன பாடுபட்டிருப்பாள், பாவம்! நான் பக்கத்தில் இல்லாமல் அவளால் ஓரடி எடுத்து வைக்க முடியாது. இனி ஒரு கணமும் அவளைத் தனியே விடுவதில்லை என்று தீர்மானித்துச் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். தங்கள் தங்கையைப் பற்றித் தாங்கள் நிம்மதியாக இருக்கலாம். அபிராமி அம்மன் தங்கள் இருவருக்கும் நல்ல தூக்கமும் இனிப்பில்லாத காபியைக் குடிக்கும் பொறுமையும் தரட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சேதுமாதவன்

பின்குறிப்பு: அண்ணே, சுசீலா எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்துட்டு உங்க மாப்பிள்ளை குளிக்கப் போயிருக்கார். கதவை மூடுறதுக்கு முன்னாடி டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, வெளிய நின்னு கூவுறவரைக் காட்டி, "ஹஸ்பெண்ட்?" னு கேட்டார். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏத்தியிருப்பார். நான்தான் "மாஃபி"ன்னு சொன்னேன். இங்க அப்படின்னா இல்லைன்னு அர்த்தம். பின்ன என்னண்ணே, இவரும் வந்து உட்கார்ந்தா, "நேரமாச்சு, பஸ்ஸு"ன்னு வாசலையே பார்த்துக்கிட்டிருப்பார். ஷியாமளாகிட்ட ஒரு பகலாவது வாய்விட்டுப் பேசணும்னு இருந்துச்சு, பேசிட்டேன். ஆனா ஒண்ணு, வாசல்ல இவர் குரல் கேட்கிறவரைக்கும் ஒரு வாய் சோறு இறங்கலை. இதை அவர்கிட்ட சொல்லிராதீங்க. பஸ் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை துபாயைச் சுத்திப் பார்க்க இவரையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்.