கிட்டங்கி நிழலில் விரதம்

வெயில் ஏறும் முன்பே சிவபாலனுக்கு வயிறு முதுகோடு ஒட்டிவிட்டது. தோளில் ரங்கூன் அரிசி மூட்டை. மற்ற நாட்களில் சாக்கிலிருந்து தூசி வாசம்தான் வரும். இன்றைக்குச் சோற்று வாசம் வந்தது.

"முதல் நாளே இப்பிடியெண்டால் ஆறு நாள் எப்பிடியடா?" என்று தன்னையே கேட்டபடி மூட்டையைத் துறைமுகச் சரக்குக் கிட்டங்கிக்குள் எறிந்தான்.

கந்தசஷ்டி விரதம் அவன் தேடிப் போனதல்ல. தலைப்பிரசவத்துக்குச் சுன்னாகம் போன அவன் பெண்சாதி கனகேஸ்வரி, கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் ரயில் யன்னலுக்குள் இருந்து கொடுத்துவிட்டுப் போனது.

"இராப் பள்ளிக்கூடம் போறன் எண்டியள். ஒரு கிழமை தாங்கேல்ல. பீடியை விடுறன் எண்டியள். மத்தியானம் வரைக்கும் தாங்கேல்ல. வாழ்க்கையில ஒண்டையாவது பிடிச்சு முடியுங்கோ. முடிச்சால் பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிஞ்ச கையோட வருவன். முடிக்காட்டில் அம்மாவோடையே இருந்திடுவன்."

"முடிச்சனான் எண்டு சும்மா எழுதிவிட்டால்?"

"நேரில கேப்பன். பொய் சொன்னால் உங்களுக்குக் காது சிவக்கும்."

ரயில் நகர்ந்தது. அவள் தலையை நீட்டிக் கத்தினாள்: "அந்திக்குப் பாலும் பழமும் மட்டும்! அமாவாசை கழிஞ்ச அடுத்த நாள் தொடங்குங்கோ!"

அமாவாசையைக் கண்டுபிடிக்கச் சிவபாலன் பஞ்சாங்கம் தேடவில்லை. கூட மூட்டை தூக்கும் ஸஹாப்தீன் நானா ரமழான் பிறைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறை கண்டால் அவருக்கு நோன்பு. பிறை கண்டால் அமாவாசையும் கழிந்ததுதானே! 'நாளைக்கு விரதம்' என்று ஓர் அந்தியில் நண்டுக்கறியோடு சோற்றை ஒரு பிடி பிடித்தான். அன்று மழை மேகம். பிறை தெரியவில்லை. அடுத்த அந்தி பிறை தெரிந்தது; கடைசிச் சாப்பாடு என்று இன்னொரு தரம் நண்டு. அதற்கு மறுநாள் நானா நோன்பு பிடித்தார்; சிவபாலன் விரதம் பிடித்தான்.

இப்போது ஸஹாப்தீனும், அவர் மனைவியின் தம்பி ஹமீடும், இன்னும் சில நோன்பாளிகளும் கிட்டங்கி நிழலில் இருந்து கோணி ஊசியால் கிழிந்த சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நோன்பு மாதத்தில் ஹியூபேட் கங்காணி அவர்களுக்குக் கொடுக்கும் வேலை அது. சிங்களவரான அவருக்கு இளையவர்கள் எல்லாரும் 'மல்லி', தம்பி. சிவபாலன் மூட்டையை மறந்துபோய் நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கங்காணியார், நானும் விரதம்."

"உங்கட ஆக்கள்ட விரதம் எனக்குத் தெரியாதா மல்லி? முதல்ல பால் வரும். பின்னால பழம் வரும். அதுக்குப் பின்னால தோசை வரும். இவங்களைப் பார், தண்ணியும் இல்ல. அதுதான் நிழல்."

"நானும் தண்ணி குடிக்கமாட்டன்."

சொன்ன பிறகுதான் சிவபாலனுக்கே அது கேட்டது. மத்தியானம் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துப் பசியை ஏமாற்றலாம் என்றுதான் அவன் காலையிலிருந்து நினைத்திருந்தான்.

"சரி, போய் இரு. தண்ணிப் பீப்பாப் பக்கம் கண்டனோ, கப்பல் முழுக்க உன்னைக்கொண்டே இறக்குவன்."

நிழலில் இருந்தவுடன் ஓர் உண்மை தெரிந்தது. மூட்டை தூக்கும்போது முதுகு நோகும். அந்த நோவில் பசி மறந்துபோகும். நிழலில் பசியைத் தவிர நினைக்க வேறொன்றும் இல்லை. போதாததற்குப் பக்கத்தில் ஹமீட்.

"சிவபாலன், பெருநாளைக்கு எங்கட ராத்தா ஒரு வட்டிலப்பம் ஆக்குவா. கருப்பட்டி, தேங்காப்பால், முட்டை. கரண்டி வெச்சா நடுங்கும்."

"ஹமீட், வாயை மூடுமன்."

"முந்திரி வேற போடுவா."

சிவபாலன் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டான்.

அந்தியில் வீட்டுக்கு ஓடப் பார்த்தான். ஸஹாப்தீன் கையைப் பிடித்தார். "பகல் முழுக்க எங்களோட பசி கெடந்துட்டு, நோன்பு தொறக்கத் தனியப் போறதா? வாங்க ஊட்டுக்கு!"

மறுக்க வாயெடுத்தான். சந்தியில் ஹியூபேட் கங்காணி சைக்கிளை நிறுத்திவிட்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். போனான்.

கோப்பை நிறையக் கஞ்சி வந்தது. உள்ளே ஆட்டிறைச்சி மிதந்தது.

"எனக்கு வயிறு சரியில்லை நானா."

திரைக்குப் பின்னாலிருந்து ஸஹாப்தீனின் மனைவி, ஹமீடின் ராத்தா பலீலாவின் குரல் வந்தது. "வயிறு ஏலாட்டிக் கஞ்சிதான் மருந்து. இன்னொரு கோப்பை ஊத்திக் குடுங்க."

இப்போது முன்னால் இரண்டு கோப்பை. சிவபாலன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினான்: கந்தசஷ்டி, கனகேஸ்வரி, ரயில், காது.

ஸஹாப்தீன் சிரித்த சிரிப்பில் கஞ்சி புரையேறியது. "இதை முதல்ல செல்ல வாணாமா? நாங்க என்ன, உங்களை அறுத்தா போடுவோம்?"

அடுத்த நாள் பலீலா புதுச் சட்டி வாங்கிப் பால் காய்ச்சினாள். பேரீச்சம்பழம், வாழைப்பழம், எல்லாம் தனித் தட்டில். அத்தோடு நிற்கவில்லை. நோன்பிருப்பவன் விடியுமுன் சாப்பிடாமல் எப்படித் தாங்குவான் என்று இரங்கி, ஹமீடிடம் பழம் கொடுத்து அனுப்பினாள். ஹமீட் கதவைத் தட்டிய தட்டில் கொட்டாஞ்சேனைத் தோட்டத்து ஒட்டு வீட்டு வரிசை முழுக்க எழும்பியது. பக்கத்து வீட்டு இராஜநாயகம் சாரத்தைப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"நெருப்பா? எங்கை நெருப்பு?"

"நெருப்பில்லை அண்ணை. வாழைப்பழம்."

அந்தி மட்டும்தான் என்று கனகேஸ்வரி சொல்லியிருந்தாள். அதனால் பழத்தை இராஜநாயகத்திடம் கொடுத்தான். அதற்கடுத்த விடியலில் ஹமீட் வருமுன்னமே இராஜநாயகம் முகம் கழுவி வாசலில் நின்றார்.

நாலாம் நாள் வேலை விட்டு வரும்போது கோயில் தெரு முனையில் ஒரே சனம். மேளம் ஒரு பக்கம், கடலை வறுக்கிற வாசம் ஒரு பக்கம். ஒருத்தி எண்ணெய்ச் சட்டியிலிருந்து வடையை அள்ளி அப்படியே இவன் மூக்குக்கு நேரே வைத்தாள். சிவபாலனின் கை தானாக மடிக்குப் போனது. முருகன் சோதிக்கிறான் என்று புரிந்தது. திரும்பி, கடற்கரைப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்கு ஓடினான். விரதம் முடியும்வரை அந்தத் தெருவையே மிதிப்பதில்லை என்று சத்தியம் பண்ணினான். ஐந்தாம் நாளும் கடற்கரைதான்.

ஆறாம் நாள் மத்தியானம் ஹியூபேட் கங்காணியே வந்து பார்த்தார். சிவபாலன் கண் குழிந்து, உதடு வெடித்து, ஆனால் நேராக இருந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான்.

"நீ முடிப்பாய் எண்டு நான் நினைக்கல்ல மல்லி."

"நானும் நினைக்கேல்ல."

"உங்கட ஆறு முடிஞ்சி. எங்கட இன்னும் ஈக்கி," என்றார் ஸஹாப்தீன். "நாளைக்கு உங்களுக்கு நிழல் இல்ல, மூட்டைதான்."

"தூக்குவன் நானா. சோத்தைத் திண்டுபோட்டுக் கப்பலையே தூக்குவன்."

அந்திக்கு முழுகி, வேட்டி கட்டி, திருநீறு பூசி, கையில் தேங்காயோடு கோயில் தெருவுக்குள் காலை வைத்தான். மனம் நிறைந்திருந்தது. பிறந்ததற்கு ஒரு காரியத்தைத் தொடங்கி முடித்தாயிற்று. கனகேஸ்வரி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காதைப் பார்க்கட்டும். பிள்ளைக்கு எங்கே ஏணை கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டான்.

தெருவில் சனத்தைக் காணவில்லை. கோயில் வாசலில் இரண்டு பேர் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பூ விற்கிற சிவமணியக்கா மிஞ்சின மாலைகளைக் கடகத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்ல காலம் அக்கா, கூட்டம் வர முன்னம் வந்திட்டன். எனக்கு இண்டைக்கு ஆறாம் நாள். சூரன்போர் எத்தினை மணிக்கு?"

சிவமணியக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இதைத் தின்னும் தம்பி. சூரனை முந்தநாள் சங்காரம் பண்ணியாச்சு, முருகனுக்கு நேத்துக் கலியாணமும் முடிஞ்சுது. உமக்குத்தான் அவரிட்டை முதல் ரெண்டு நாள் விரதம் இன்னும் கடன்."