பானட்டுக்குள் ஒரு முனி

முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் மனிதர்களுக்குத்தான் பேய் பிடிக்கும். இப்போது மனிதர்களுக்கு நேரமில்லை. காலையில் வயல், மதியம் நூறு நாள் வேலை, சாயங்காலம் சீரியல். பேய்தான் என்ன செய்யும்? காருக்கு மாறிவிட்டது.

போன தை மாதம் மேலப்பூங்குடிக்கு வந்திருந்தால் நீங்களே பார்த்திருக்கலாம். வெட்டாற்றங்கரைச் சாலையில் ஒரு பாதி நெல் காய்ந்தது. மறு பாதி கார் காய்ந்தது. தஞ்சாவூர் கார், மன்னார்குடி கார், சீர்காழியிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த கார், நாகூரிலிருந்து மீரா உசேன் கொண்டுவந்த வாடகைக் கார். எல்லா மதத்துக் காரும் ஒரே வரிசை. எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. விளக்கு தானாக எரிந்தது, ஹாரன் தானாக அடித்தது, சாவியைத் திருப்பினால் மட்டும் எதுவும் நடக்கவில்லை.

ஒரு கார் அழுதது என்றார்கள். நான் பொய் சொல்கிறவன் இல்லை, என் கண்ணால் பார்த்தேன். கண்ணாடியில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டது. வைப்பரால் தானே துடைத்துக்கொண்டது. சொந்தக்காரரும் பக்கத்தில் நின்று துண்டால் துடைத்துக்கொண்டார். யார் யாருக்கு ஆறுதல் சொன்னார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை.

இந்தக் கார்களையெல்லாம் குணப்படுத்த அவதரித்தவர் பானட் சாமி. அவருடைய அப்பா கருப்புச் சட்டைக்காரர். பிள்ளைக்குப் பகலவன் என்று பெயர் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பிள்ளை பட்டப்பகலிலேயே ஊரை இருட்டாக்கினார்.

வைத்தியம் இப்படி நடக்கும். சாமி வேப்பிலைக் கொத்தால் பானட்டை நாலு சாத்து சாத்துவார். "யாருடா நீ? எந்த ஊரு முனி?" என்பார். கார் பதில் சொல்லாது. அழுத்தமான முனி என்று அர்த்தம். ஹாரன் அடித்தால் கோபக்கார முனி. எப்படிப் பார்த்தாலும் முனி உண்டு. அப்புறம், "தனியாப் பேசணும்" என்பார். காரைச் சுற்றிக் காவித் திரை கட்டுவார்கள். சாமியும் சிஷ்யர் இளஞ்செழியனும் உள்ளே போவார்கள். உள்ளேயிருந்து மந்திரம் கேட்கும். நடுநடுவே 'கர்ர்' என்று ஒட்டு டேப் கிழிகிற மாதிரி ஒரு சத்தமும் கேட்கும்.

"முனி பல்லைக் கடிக்கிறாரு" என்று பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

திரை விலகும். கார் கிளம்பும். கூட்டம் அலறும்.

கிளம்பினால் மட்டும் போதுமா? முனிக்குப் படையல் வேண்டும். மஞ்சள் துணியில் அவல், பொரி, வெல்லம், கொஞ்சம் நெத்திலிக் கருவாடு வைத்து முடிந்து பேட்டரிக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். முடிச்சு சாமியிடம்தான் வாங்க வேண்டும். வாரா வாரம் புதுசு. "முனி பசியோட இருந்தா வயரைக் கடிச்சிருவாரு" என்று சாமி எச்சரிப்பார். நுணுக்கமான முனி. உள்ளே இருக்கிற செம்பைத் தொடாது. மேல்தோலை மட்டும்தான் சாப்பிடும்.

டயருக்குத் தனிப் பூசை. இருக்கிற காற்றை உஸ்ஸென்று திறந்துவிடுவார்கள். "இது கலியுகக் காத்து." அப்புறம் சிஷ்யர் மந்திரம் சொல்லிக்கொண்டே கால் பம்பால் வேறு காற்று அடிப்பார். மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுவார். அதனால் நாலு டயரிலும் நாலு விதமாக அருள் இருக்கும். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போகும். "பாத்தீங்களா, கோயில் பக்கமே இழுக்குது!" என்பார்கள். எங்கள் தஞ்சாவூர் ஜில்லாவில் எந்தப் பக்கம் இழுத்தாலும் அங்கே ஒரு கோயில் இருக்கும் என்பது வேறு விஷயம். நூல் தெரியத் தேய்ந்துபோன டயருக்குத் திருநீறு பூசுவார். தேய்ந்தது தெரியாது.

இந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவள் கலைமகள். அவள் ஒரு வாடகைக் கார் ஓட்டுகிறாள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். அந்த நாலு சக்கரத்தின் மேல்தான் குடும்பம் ஓடுகிறது. அவள் புருஷன் ரெத்தினம் குத்தகைக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலம் வைத்திருக்கிறான். அதில் விளைவது குத்தகைக்குச் சரியாக இருக்கும். ஓட்டுகிறவள் அவள். ஆனால் கார் இருப்பது ரெத்தினம் பேரில். ரெத்தினம் இருப்பது பானட் சாமி காலடியில்.

நாலு வாரம் முடிச்சு கட்டினான். நாலு வாரமும் வண்டி படுத்தது. அப்போது சாமி கண்ணை மூடித் திறந்து தீர்ப்புச் சொன்னார்.

"ரெத்தினம், முனி உன் வண்டியில குடித்தனமே வச்சிட்டாரு. இனி எறங்க மாட்டாரு. அமாவாசைக்குள்ள வண்டியைக் கை மாத்திடு. இல்லேன்னா ஒரு உசுரு கேப்பாரு."

"யாரு சாமி வாங்குவாங்க, முனி இருக்கிற வண்டிய?"

"முனிக்குப் பயப்படாத ஆளு ஒருத்தரு பட்டுக்கோட்டைல இருக்காரு" என்று சிஷ்யர் உடனே சொன்னார். "வெலை மட்டும் ரொம்பக் கொறைச்சலாத்தான் குடுப்பாரு. முனிக்கும் சேத்துச் சோறு போடணும்ல?"

ரெத்தினம் சரி என்று சொல்லிவிட்டு வந்தான். கலைமகள் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"வித்துட்டு? நாளைக்கு எதுல போயிச் சம்பாதிக்கிறது? அந்த முனி மேலயா?"

"உசுரு முக்கியமா வண்டி முக்கியமா கலை?"

"நடுவுல ஒரு வாரம் சீர்காழிக் கல்யாணத்துக்குப் போனீங்களே, முடிச்சு கட்ட மறந்துட்டு. அந்த வாரம் பூரா வண்டி நல்லாத்தானேங்க ஓடுச்சு?"

ரெத்தினம் யோசித்தான். யோசித்துப் பழக்கமில்லாததால் கொஞ்சம் நேரமானது. "முனியும் கல்யாணத்துக்கு வந்திருப்பாரு" என்றான்.

கலைமகள் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பானட்டைத் திறந்தாள். மஞ்சள் துணி கிழிந்து கிடந்தது. பொரியைக் காணோம். பேட்டரி மேல் கருஞ்சீரகம் சிந்தியதுபோலப் புழுக்கை. வயர்கள் தோலுரிந்து செம்பு மின்னியது. ஒரு மூலையில் வைக்கோல் மெத்தை போட்டு, கொழுத்த வயல் எலி ஒன்று, வாடகைக்கு இருப்பவர்களைச் சொந்தக்காரர் பார்ப்பது மாதிரி இவர்களைப் பார்த்தது.

"அறுப்பு மெசினு வயல்ல எறங்குனா எலிக்கு வளை போச்சு. அது எங்கங்க போகும்? நாமதான் அவலும் கருவாடும் வச்சு வா வான்னு கூப்புடுறோமே!"

ரெத்தினம் கையெடுத்துக் கும்பிட்டான். "எலி இல்ல கலை. எலி ரூபத்துல முனி."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இவனுக்குக் கண்ணால் காட்டிப் பயனில்லை. சாமி வாயால் சொல்ல வேண்டும் என்று புரிந்துகொண்டாள்.

மறுநாள் பந்தலுக்குப் போனாள். கூட்டத்துக்கு நடுவில் சாமி காலில் விழுந்தாள். அவ்வளவு பக்தியோடு யாரும் விழுந்து நான் பார்த்ததில்லை. எனக்கே சந்தேகமாக இருந்தது.

"சாமி! எங்க வண்டிக்கெல்லாம் படையல் வச்சோம். ஒங்க வண்டிக்கு ஒரு நாளாவது வச்சோமா? முனி எங்களை மன்னிப்பாரா?"

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அப்புறம் ஆ என்று வாயைப் பிளந்தது. எவ்வளவு பெரிய குற்றம்!

சாமியின் கார் வெள்ளை வெளேரென்று ஏழு பேர் உட்காருகிற பெரிய கார். ஒரு நாளும் படுத்ததில்லை. சாமி முகம் வெளிறியது. "அதெல்லாம் வேண்டாம் தாயி. என் வண்டிக்குப் பசியே கெடையாது."

"சாமிக்கு எவ்ளோ தன்னடக்கம் பாருங்க!" என்றார் மீரா உசேன். அவர் நிஜமாகச் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா என்று கண்டுபிடிப்பதற்குள் கூட்டம் காரை மொய்த்துவிட்டது.

பானட்டைத் திறந்தார்கள். கமகமவென்று ஒரு வாசனை.

"தெய்வீக மணம்!" என்று ஒரு அம்மாள் மயங்கினாள்.

"பாச்சை உருண்டைங்க" என்றாள் கலைமகள். மூலைக்கு மூலை வெள்ளை உருண்டைகள். அடியில் இரும்பு வலை வேறு அடித்திருந்தது. "ஐயய்யோ, இந்த வாடைக்கு முனி மூச்சு முட்டிப் போயிடுவாரே. வலையையும் எடுங்க அண்ணே, அவரு எப்படி உள்ள வருவாரு?"

எடுத்தார்கள். படையல் ஆரம்பித்தது. ஒருவர் அவல் கொட்டினார். ஒருவர் வெல்ல உருண்டை வைத்தார். ஒருவர் வீட்டில் யாருக்கும் தெரியாமல் முழு வாளைக் கருவாட்டையே கொண்டுவந்தார். எஞ்சின் தெரியவில்லை, ஒரு சின்ன மளிகைக்கடை தெரிந்தது. நானும் ஒரு பிடி பொரி போட்டேன். பக்தி என்று வந்துவிட்டால் நான் பின்வாங்குவதில்லை.

"படையல் போட்டா அமாவாசை வரைக்கும் பானட்டத் தொறக்கக் கூடாதுன்னு சாமியே சொல்லிருக்காங்க" என்றாள் கலைமகள். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை அடுக்கிய அட்டிக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினார்கள். அவள் சுற்றிலும் மஞ்சள் கோடு கிழித்தாள். கூட்டம் கோட்டைச் சுற்றி உட்கார்ந்து பஜனை பாடியது. சாமி கிட்டே வரும்போதெல்லாம் கூட்டம் எழுந்து காலில் விழுந்தது. கோட்டைத் தாண்டக் கால் வேண்டாமா? கால் எப்போதும் யாராவது ஒருவர் கையில் இருந்தது.

வெட்டாற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த எலியெல்லாம் குடும்பத்தோடு வந்தது. அந்தப் பக்கத்து எலிகள் பாலத்தில் வரிசையாக வந்ததாகச் சொன்னார்கள். அதை நான் பார்க்கவில்லை. பார்க்காததை நான் சொல்வதில்லை.

அமாவாசை வந்தது. அன்று காலை சாமி அந்தக் காரில் ஊர்வலம் போவதாக ஏற்பாடு. ஊர்வலம் முடிந்ததும் ரெத்தினம் சாவியைப் பட்டுக்கோட்டைக்காரரிடம் கொடுப்பான். பட்டுக்கோட்டைக்காரரும் வந்துவிட்டார். சிஷ்யரும் அவரும் ஒரே ஜாடையில் இருந்தார்கள்.

நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சாமி மனசில்லாமல் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினார்.

டக் என்று நாலு கதவும் பூட்டிக்கொண்டன. ஹாரன் அடிக்கத் தொடங்கியது. நிற்கவில்லை. வைப்பர் பேயாட்டம் ஆடியது. விளக்குகள் கண்ணடித்தன. ஏ.சி. துவாரத்திலிருந்து பொரி பறந்து சாமியின் தாடியில் ஒட்டியது. கண்ணாடியை இறக்குகிற பொத்தானை அமுக்கினார், பாட்டு வந்தது. பாட்டை நிறுத்தினார், சீட்டு பின்னால் சாய்ந்தது. சாய்ந்த சாமியின் வயிற்றில் ஒரு எலி நிதானமாக ஏறி உட்கார்ந்தது.

கூட்டம் பரவசப்பட்டது. "முனி எறங்கிட்டாரு! முனி எறங்கிட்டாரு!"

இளஞ்செழியன் வேப்பிலையோடு ஓடிவந்து பானட்டை நாலு சாத்து சாத்தினார். "யாருடா நீ? எந்த ஊரு முனி?"

உள்ளேயிருந்து சாமி கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக் கத்தினார். "வேப்பிலையத் தூக்கிப் போடுடா மடையா! பானட்டத் தொறந்து பேட்டரியக் கழட்டுடா!"

சிஷ்யர் வேப்பிலையை வீசிவிட்டு இடுப்பைத் தடவினார். "பத்தா, பன்னெண்டா மச்சான்?"

"பத்தாம் நம்பரு ஸ்பேனருடா! நெகடிவ்வ மொதல்ல கழட்டு! எலி எல்லா வயரையும் கடிச்சிருக்குடா! எவன்டா அவ்ளோ கருவாட்டைப் போட்டது? எலி வராம என்னடா பண்ணும்!"

சிஷ்யர் இடுப்பிலிருந்து ஸ்பேனரை உருவினார். பானட் திறந்தது. சோறு தின்ற கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி எலிகள் இறங்கிப் போயின. டெர்மினல் கழன்றது. ஹாரன் நின்றது.

அந்த நிசப்தத்தில் கலைமகள் கேட்டாள்.

"மந்திரம் நல்லா இருக்கு சாமி. என் வண்டிக்கு ஏன் இதைச் சொல்லல?"

சாமி தாடியில் ஒட்டிய பொரியைத் தட்டிவிட்டார்.

"எந்தக் கடைல வேலை பாத்தீங்க?"

"கும்மோணத்துல" என்றார் சாமி அடங்கின குரலில். "ஆட்டோ எலெக்ட்ரிக்." மடியில் எலி இருக்கும்போது பொய் வராது போலிருக்கிறது.

பட்டுக்கோட்டைக்காரரைத் தேடினார்கள். அவர் ஏற்கெனவே பாதித் தூரம் போயிருந்தார். ரெத்தினம் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

"அப்ப அது... எலியா கலை?"

"எலிதாங்க."

"முனி?"

"அதோ, உள்ள பூட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு பாருங்க. அவருதான் நம்ம வண்டியக் கேட்டாரு."

ரெத்தினம் சாவியை அவள் கையில் வைத்தான். அவள் அன்றைக்கே தஞ்சாவூர் போய் வயர் மாற்றி, நாலு டயரிலும் ஒரே அளவாகக் காற்று அடித்து, மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போனாள். அவள் தஞ்சாவூர் கிளம்புவதற்கு முன்பே சாமியைக் கூட்டம் கண்ணாடியை உடைத்து வெளியே எடுத்துப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியது. ஜீப் கிளம்பவில்லை, ஏட்டய்யா இறங்கி பானட்டைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

கூப்பிய கையைக் கலைமகள் பிரித்துவிட்டாள். எனக்கும் சொல்ல இருப்பது அவ்வளவுதான். கும்பிட இரண்டு கையும் வேண்டியிருக்கிறது ஐயா. பானட்டைத் திறக்க ஒரு கையாவது மிச்சம் வையுங்கள்.