ஆகாயத்து எதிரியும் ஆட்காட்டிக் குருவியும்

ஒரு காட்டில் பொழுது சாய்ந்தால் புலி வேட்டைக்குப் போகாது. மான் அதைக் கண்டு ஓடாது. இரண்டும் ஆலமரத்தடியில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, தொலைக்காட்சியில் ‘ஆகாயத்து எதிரி’ தொடர் பார்க்கும். வேற்றுக்கிரகத்தார் காட்டைப் பிடித்துக்கொள்ள, மிச்சமிருக்கும் விலங்குகள் எப்படி உயிர் தப்புகின்றன என்பது கதை. உயிர் தப்புவதற்கு நடுவே ஒரு வளைகாப்பும், ஓயாத மாமியார் மருமகள் சண்டையும் நடந்துகொண்டிருந்தன.

தொடரை எடுத்தது நாகப்பன் என்ற நரி. அதில் எதிரி வருவதை முதலில் பார்த்துக் கத்துகிற வேடம் அலர்மேலு என்ற ஆட்காட்டிக் குருவிக்கு. ஆள் நடமாட்டம் தெரிந்தால் கத்திக் காட்டை உஷார்படுத்துவது அவள் குலத்தொழில். ஆகவே அவள் நடிக்க வேண்டியிருக்கவில்லை. அதனாலேயே பெயரும் கிடைக்கவில்லை. மயில் மேகலா மயங்கி விழுந்தால் காடே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அலர்மேலு கத்தினால் சத்தத்தைக் குறைத்து வைத்தார்கள்.

அப்போது அவள் ஏரிக்கரைப் பொட்டலில் முட்டையிட்டிருந்தாள். ஆட்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. கூழாங்கற்களுக்கு நடுவே கல்லோடு கல்லாக முட்டையை வைத்துவிட்டு, எவன் கண்ணிலும் படக்கூடாது என்று வேண்டிக்கொள்வதோடு சரி.

ஒருநாள் காலை அவள் அடைகாத்துக்கொண்டிருந்தபோது, பெரிய இட்லிப் பானை போல ஒன்று வானத்திலிருந்து இறங்கிப் பொட்டலின் மறுகோடியில் உட்கார்ந்தது. மூடி திறந்தது. மூன்று கண்ணும் பலகை போன்ற பாதமும் கொண்ட பச்சை உருவங்கள் வரிசையாக இறங்கின.

அலர்மேலு பதறிப் பறந்துபோய்க் காடு முழுக்கக் கத்தினாள். நாளைக்கு வரப்போகிற கதையை இப்படிப் போட்டு உடைக்கலாமா என்று புலி கோபித்துக்கொண்டது. மேகலாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மான் கேட்டது. கடைசியில் அவள் நாகப்பனிடம் போனாள்.

“அண்ணே, நெசமாவே வந்துட்டாங்க. என் முட்டை அங்கே கிடக்கு.”

நாகப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “இந்த நடுக்கம் கேமரா முன்னாடி வந்திருக்கலாமே, தங்கச்சி” என்றான். பிறகு, கதையை வெளியே விட்ட குற்றத்துக்காக அவளைத் தொடரிலிருந்து நீக்கிவிட்டதாகவும் சொன்னான்.

அவள் திரும்பி வந்தபோது பச்சைப் பாதங்கள் கூழாங்கற்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் வந்தால் முட்டை நசுங்கிவிடும். அலர்மேலு அவர்கள் எதிரே குதித்து, ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டினாள். சிறகு ஒடியவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக நடித்தாள். சுலபமாகப் பிடித்துவிடலாம் என்று பச்சைக்காரர்கள் பின்னால் வந்தார்கள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. முட்டையை விட்டு விலகினால் போதும் என்று நொண்டிக்கொண்டே போனவள், மூங்கில் புதரைத் தாண்டிப் படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் அவர்களைக் கொண்டுபோய் விட்டாள்.

அங்கே நாகப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். வேற்றுக்கிரகத்தாராக நடிக்க வேண்டிய குரங்குகளுக்கு வயிற்றுப்போக்கு. பச்சைக்காரர்களைக் கண்டதும், நேரத்துக்கு வரத் தெரியாதா என்று திட்டி வரிசையில் நிறுத்தினான்.

அவர்களுடைய தலைவன் முன்னே வந்து நெஞ்சை நிமிர்த்தினான். “இன்று முதல் இந்தக் காடு எங்களுடையது. சரணடையுங்கள்.”

“வசனம் சரி. கண்ணுல வெறி இல்லையே. மூணு கண்ணு இருந்து என்ன புண்ணியம்? இன்னொரு தரம் சொல்லுங்க, தம்பி.”

தலைவன் இன்னொரு தரம் சொன்னான். பிறகு இன்னொரு தரம். பொழுது சாய்வதற்குள், முந்தினது தனக்கே திருப்தியில்லை என்றும், இடப்பக்கம் திரும்பி நின்று சொன்னால் எடுப்பாக இருக்குமா என்றும் அவனே கேட்க ஆரம்பித்தான்.

காடு அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. மேகலாவின் தொலைந்துபோன அண்ணன் அவன்தான் என்று கதையை மாற்றினார்கள். இட்லிப் பானை மேகலாவின் ஒப்பனை அறையானது. காட்டைப் பிடித்தாயிற்றா என்று சொந்தக் கிரகத்திலிருந்து கேட்டபோதெல்லாம், இந்த வாரம் முழுக்கப் படப்பிடிப்பு இருக்கிறது என்று பதில் போனது.

அவர்கள் நிஜ எதிரிகள் என்று அலர்மேலு மானிடம் மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். “அதான் இவ்வளவு இயல்பா நடிக்கிறாங்க” என்றது மான்.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் ஓடியாடத் தொடங்கியதும் அலர்மேலு அவற்றுக்குக் குலத்தொழிலைக் கற்றுக்கொடுத்தாள். ஒருநாள் ஏரிக்கரையில் உலாவிய பச்சைத் தலைவனைக் காட்டி, ஆபத்து என்றால் இதுதான், கத்துங்கள் என்றாள். குஞ்சுகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடிப்போய், அவனிடம் கையெழுத்துக் கேட்டன. அவன் குனிந்து, ஒவ்வொரு குஞ்சின் பெயரையும் விசாரித்து, பொறுமையாகப் போட்டுக் கொடுத்தான்.

நீதி: படையெடுத்து வருகிறவனோடு போரிடாதே, அவனுக்கு ஒரு வேடம் கொடு. வருகிறான் என்று முன்கூட்டியே சொன்னவளை மட்டும் மறக்காமல் வேலையை விட்டு நீக்கிவிடு.