பூக்கட்டிப் பார்த்து வாங்கிய வால்வு

தெரியாததைத் தெரியாது என்று சாமியிடம் சொல்வேன். மனுஷனிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் வந்த வினை இது.

கல்யாணமான புதிது. நெய்வேலியில் கான்ட்ராக்ட் ஃபிட்டர் வேலை. (ஃபிட்டர் என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். உண்மையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவன்.) மாமனார் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் பைப் லைன் பார்த்தவர். பர்மனென்ட் இல்லாத எனக்கு அரை மனதோடுதான் பெண் கொடுத்திருந்தார்.

எங்கள் பிளாக் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம். கூட்டத்தின் மேல் புனித நீரை மோட்டார் வைத்துத் தெளிக்கும் லைன் என் பொறுப்பு. மாமனாரும் வருகிறார். அவர் மனதில் இடம்பிடிக்க இதைவிட்டால் வேறு நாளில்லை.

வடலூர் கடைக்காரர் இரண்டு வால்வுகளை எடுத்து வைத்தார். "கேட் வால்வா, பால் வால்வா? இன்னா வேலைக்குங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியுங்க. நாளைக்கு வந்து சொல்றேன்."

அன்று சாயங்காலம் பிள்ளையார் முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். இரண்டு பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் சக்கரம் சுற்றித் திறக்கும் கேட் வால்வு; சிவப்பு வந்தால் கைப்பிடி திருப்பும் பால் வால்வு. கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு!

கும்பாபிஷேகத்தன்று குருக்கள் கை காட்டினார். கைப்பிடியை லேசாகத் திருப்பினேன். அசையவில்லை. "பிள்ளையாரப்பா!" என்று ஒரு இழுப்பு. முழுசாகத் திறந்துகொண்டது. நுனியிலிருந்த ஷவர் பிய்த்துக்கொண்டு பறந்தது. பீய்ச்சியடித்த தண்ணீர், முன்வரிசையில் தலைக்கு மேல் கைகூப்பி நின்ற மாமனாரை அப்படியே உட்கார வைத்தது. (கூப்பிய கையை அப்போதும் அவர் இறக்கவில்லை.)

"ஐயோ, அப்பா! மூடுங்களேன், மூடுங்க!" என்று என் மனைவி செல்வி அலறினாள்.

சொட்டச் சொட்ட வந்த மாமனார் வால்வைப் பார்த்தார். "யாரு மாப்ள இத்த வாங்கச் சொன்னது?"

கோயில் வாசலில் பொய் சொல்ல முடியுமா? "பூக்கட்டிப் பாத்தேன் மாமா. செவப்பு வந்துச்சு."

"எத்தினி பூ வெச்சீங்க?"

"ரெண்டு. கேட்டு, பாலு."

"கொஞ்சங் கொஞ்சமா தண்ணி வுடறதுக்கு குளோப் வால்வுன்னு ஒண்ணு கீது மாப்ள. வெக்காத பூவ புள்ளையாரு எங்கேந்து எடுத்துக் குடுப்பாரு?" என்றவர், ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே சிரித்துவிட்டார். எனக்கும் உயிர் வந்தது.

இன்றைக்கும் பிள்ளையாரை நம்பித்தான் இருக்கிறேன். அவரிடம் போகுமுன் நாலு பேரிடம் கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

போன மாதம் மகளை நர்ஸுக்குப் படிக்க வைப்பதா, டீச்சருக்கா என்று மாமனாருக்கு போன் போட்டேன்.

"புள்ளய கேட்டீங்களா மாப்ள? மூணாவது பூ அது கையில இருக்கப் போவுது."