திருமதி வெய் எந்த கவுன்ட்டியில் பிறந்தார்?

"ஆவணங்களில் ஊர்ப்பெயர் வேறுபட்டால், அதற்கான காரணத்தை விண்ணப்பதாரர் சுருக்கமாகத் தெரிவிக்க வேண்டும்."

குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தின் இரண்டாம் பத்தியில் இருந்த விதி இது. 'சுருக்கமாக' என்ற சொல்லுக்குக் கீழே அவர்கள் கோடு போடவில்லை. ஆனால் அதைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, துணை ஆட்சியராக ஓய்வு பெற்றவன் நான். கேட்டதற்கு மட்டும் பதில் எழுத வேண்டும் என்று எத்தனையோ உதவியாளர்களுக்குப் பாடம் நடத்தியவன். அதை மீறிய ஒருவரிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தவன். (அவர் மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். அதற்கும் ஒரு மெமோ கொடுத்தேன்.)

கடிதம் எனக்கு வந்ததல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அது பக்கத்து வீட்டு வெய்க்கு வந்தது.

ஆக்லாந்தின் புறநகரான கிளென் ஈடனில் என் மகள் வீட்டுக்கும் வெய்யின் மகள் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மரவேலி. அந்தப் பக்கம் அவர் பூண்டுத் தழை வளர்ப்பார். இந்தப் பக்கம் நான் தொட்டியில் முருங்கை வளர்க்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். எனக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் இருவரின் ஆங்கிலமும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. ஆகவே அவர் போனில் சீனத்தில் பேசுவார், போன் ஒரு பெண்குரலில் தமிழில் சொல்லும்: "மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே, இன்று மழை பெய்யக்கூடும்." ஆக்லாந்தில் என் பதவிக்கு உரிய தமிழில் என்னிடம் பேசிய ஒரே ஜீவன் அந்தப் போன்தான்.

வெய்யும் மனைவியும் சேர்ந்தே இங்கே வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் மனைவியின் அம்மா படுத்த படுக்கையாகிவிட, அவர் ஊரிலேயே நின்றுவிட்டார். வெய் மட்டும் வந்தார். அம்மா காலமான பிறகு, இப்போதுதான் மனைவி விசாவுக்கு விண்ணப்பித்திருந்தார். (அவர்கள் வழக்கத்தில் மனைவிக்குக் கணவர் பெயர் சேராது. எங்கள் வீட்டில் மட்டும் அவர் திருமதி வெய்.) இரண்டு ஆண்டுகளாக இருவரும் போனில்தான் குடும்பம் நடத்தினார்கள். இங்கே இவருக்கு மதியச் சாப்பாடு என்றால் அங்கே அவருக்குக் காலைக் கஞ்சி. போனைக் குவளையில் சாய்த்துவைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்குக் கஞ்சி உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்கும்.

இப்போது சிக்கல் இதுதான். திருமணச் சான்றில் திருமதி வெய் பிறந்த இடமாக ஒரு கவுன்ட்டியின் பெயர் இருந்தது. குடும்பப் பதிவேட்டில் ஒரு நகரத்தின் பெயர் இருந்தது. இரண்டும் ஒன்றுதானா என்று அலுவலகம் கேட்டது. இருபது வேலை நாட்களுக்குள் பதில் வேண்டும்.

வெய்யை ரயிலில் ஏற்றி ஹென்டர்சனுக்கு அழைத்துப்போனேன். அங்கே சிவமலர் என்ற யாழ்ப்பாணத்துப் பெண் விசா ஆலோசகர். எங்களுடைய விசாவையும் அவர்தான் பார்த்தார். கடிதத்தை ஒரு நிமிடம் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இது சின்ன விஷயம் ஐயா. பழைய கவுன்ட்டியைத்தான் பிறகு நகரமா மாத்தினவை எண்டு ஒரு பந்தி எழுதினால் காணும்."

"ஒரே ஒரு பத்தியா?"

"ஓம். அதுக்கு மேல என்ன கிடக்கு?"

அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று ஒரு துணை ஆட்சியரிடம் கேட்கலாமா? தாலுகா பிரிப்புக் கோப்புகளில் என் வாழ்க்கையில் பாதி போயிருக்கிறது. இந்த வேலையை நானே எழுதிக்கொடுக்கிறேன் என்று சொன்னேன். வெய்யின் போன் உடனே, "மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே, உங்களை நம்பி இருக்கிறேன்" என்றது. சிவமலர் என்னைப் பார்த்த பார்வையை நான் அன்றைக்குச் சரியாகப் படிக்கவில்லை.

அந்த கவுன்ட்டியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே நான் எழுதியதே போதும். கவுன்ட்டி என்பது நம் தாலுகாவைவிடப் பெரியது, மாவட்டத்தைவிடச் சிறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே மலை. மலைச்சரிவில் படிப்படியாக நெல்வயல். கிழக்கே கொஞ்சம் சமவெளி. வடக்கே ஓர் ஆறு, பக்கத்து கவுன்ட்டியிலிருந்து இதைப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. திருமதி வெய்யின் கிராமம் ஆற்றங்கரையில், படகுத்துறைக்குப் பக்கத்தில்.

வெய்யின் மருமகன் முறை உறவினர் ஒருவர் உள்ளூர் வரலாற்று நூலின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். போன் கேமராவை அவற்றின் மேல் பிடித்தால் தமிழ் வந்தது. ஐயா, அது சொர்க்கம்! அந்த கவுன்ட்டியை ஒரு காலத்தில் பக்கத்து கவுன்ட்டியோடு சேர்த்தார்கள். பிறகு பிரித்தார்கள். கிராமங்களைக் கம்யூன் என்ற கூட்டுப்பண்ணைகளாக்கினார்கள். கம்யூன்களை மறுபடி கிராமங்களாக்கினார்கள். கவுன்ட்டியை நகரம் என்றார்கள், அந்த நகரத்தை இன்னொரு பெரிய நகரத்தின் பிரிவு என்றார்கள். ஒவ்வொரு முறையும் தலைமையிடம் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு சண்டை. முகம் தெரியாத அந்தச் சீன அதிகாரிகள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள் போலத் தோன்றினார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவரைத் தவிர யாருக்கும் லாபமில்லாத அந்த வேலையை நானும் மனமாரச் செய்தவன்தானே.

"என்னங்க, சாப்பிட வரீங்களா இல்லையா?" என்று கூப்பிட்டாள் என் மனைவி சரோஜா.

"இரு, கம்யூனைக் கலைச்சிட்டு வரேன்."

பதினேழாம் நாள் குறிப்புரை தயாரானது. பத்தொன்பது பக்கம், ஆறு இணைப்பு. மகுடமாக, நானே கையால் வரைந்த வரைபடம். எங்கள் நில அளவையில் உட்பிரிவை எப்போதும் சிவப்பு மையில்தான் காட்டுவோம். அந்த முறைப்படி எல்லை மாற்றங்களைச் சிவப்பில் இழுத்தேன். கிராமத்தின் மேல் திருமதி வெய்யின் பெயரைச் சீன எழுத்திலேயே, நான்கு நாள் பழகி, அதே சிவப்பில் அழகாக எழுதினேன்.

வேலிக்கு மேலே பிரித்துக் காட்டினேன். வெய் பார்த்தார். முகம் வெளிறியது. போனை எடுத்து மெதுவாக ஏதோ சொன்னார். போன் என்னிடம் சொன்னது:

"மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே, என் மனைவி உயிருடன் இருக்கிறார்."

உயிரோடிருப்பவர் பெயரை அவர்கள் சிவப்பு மையில் எழுத மாட்டார்களாம். அது இறந்தவர்களுக்கு. வீட்டுக்குள் ஓடி, பெயரைப் பச்சை மையில் மறுபடி எழுதிக் கொண்டுவந்தேன். (அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரிக்குப் பச்சை மை. அது எந்த நாட்டிலும் மங்களம்.) பெரிய கண்டத்திலிருந்து தப்பிவிட்டோம் என்று அப்போது நினைத்தேன். கண்டம் இணைப்பு நான்கில் இருந்தது.

சிவமலருக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. வெய்யின் மகள் மெய்லிங் மருத்துவமனையில் நர்ஸ். ஷிப்ட் முடிந்து வந்தவர், அப்பாவின் நண்பர் பெரிய அதிகாரி என்ற நம்பிக்கையில், படிக்காமலே கணினியில் ஏற்றி அனுப்பிவிட்டார். வெய் அன்றைக்கே மனைவிக்காக ஒதுக்கிய அறைக்குத் திரை மாட்டினார். செப்டம்பரில் இங்கே வசந்தம் வந்ததும் வேலியோரம் சுரை விதை போட்டார். மனைவிக்குச் சுரைக்காய் பிடிக்குமாம். கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடுவார் என்று கணக்கு.

கொடி வேலியைத் தொடுவதற்குள் பதில் வந்தது. பதில் என்றா சொன்னேன்? ஏழு கேள்விகள். ஏழும் என் இணைப்புகளிலிருந்து எடுத்தவை. ஆறு கேள்விகளை விடுங்கள். ஏழாவது இப்படி இருந்தது: படகுத்துறைக் கிராமம் மூன்று ஆண்டுகள் மட்டும் ஆற்றுக்கு வடக்கே உள்ள கவுன்ட்டியின் கீழ் இருந்ததாக இணைப்பு நான்கு கூறுகிறது. விண்ணப்பதாரரின் பிறந்த தேதி அந்த மூன்று ஆண்டுகளுக்குள் வருகிறது. அப்படியானால் அவர் பிறந்தது திருமணச் சான்றில் உள்ள கவுன்ட்டியில் அல்ல. சான்று எப்படிச் சரியாகும்?

இணைப்பு நான்கு என் பெருமை. அந்த மூன்று ஆண்டுகளை வரலாற்று நூலின் அடிக்குறிப்பிலிருந்து நான்தான் தோண்டி எடுத்தேன். உலகத்தில் யாருக்கும் தெரியாது. திருமதி வெய்க்கே தெரியாது. இரண்டு பெயரும் ஒன்றா என்றுதான் அவர்கள் கேட்டார்கள். இரண்டுமே தப்பு என்று நான் ஆதாரத்தோடு நிரூபித்துக் கொடுத்திருந்தேன்.

எல்லோரும் ஹென்டர்சனுக்குப் போனோம். வெய், மெய்லிங், நான், என்னைத் தனியாக அனுப்பக் கூடாது என்று கூடவே வந்த சரோஜா. சிவமலர் பத்தொன்பது பக்கத்தையும் புரட்டினார். வரைபடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"வடிவாத்தான் கீறியிருக்கிறியள்."

"நன்றிம்மா."

"இதை ஆர் கேட்டவை ஐயா?"

நான் வரைபடத்தை வாங்கி மடித்தேன்.

"ஒரு பந்தி எண்டனான். நீங்கள் அந்த மனுசியின்ர பிறப்பையே ஆத்துக்கு அங்கால கொண்டுபோய் விட்டிட்டியள். இனி அந்தத் திருமணச் சான்று பொய் எண்டு அவை பிடிச்சால், நான் என்ன செய்யிறது?"

சரோஜா அதுவரை வாய் திறக்கவில்லை. திறந்தாள். "சர்வீஸ் பூரா ஊரு ஊரா பிரிச்சாரும்மா. அது பத்தலை. ரிட்டயர் ஆகி கடல் தாண்டி வந்து புருஷன் பொண்டாட்டியப் பிரிச்சிட்டாரு."

மேசையில் சாய்த்துவைத்திருந்த மெய்லிங்கின் போனில் திருமதி வெய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கஞ்சிக் கிண்ணம். ஏதோ கேட்டார். வெய்யின் போனிலிருந்து பெண்குரல் தமிழில் சொன்னது: "மதிப்பிற்குரிய அதிகாரி என்னை இப்போது எங்கே பிறக்க வைத்திருக்கிறார்?"

மெய்லிங் சிரித்துவிட்டார். சிவமலரும் சிரித்தார். வெய் சிரிக்கவில்லை. அவர் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ரயிலில் திரும்பும்போது போனை எடுத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே, சுரைக்கொடிக்கு எப்படியும் தண்ணீர் ஊற்ற வேண்டும்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிழையைச் சரிசெய்தவர் திருமதி வெய். அடுத்த நாளே படகுத்துறைக் கிராமத்துக்குப் பேருந்து ஏறிப் போய், கிராமக் குழு அலுவலகத்தில் உட்கார்ந்தார். அங்கே இருந்தவர் பள்ளியில் இவரோடு படித்தவராம். முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரு தாளில் ஒரு வரி எழுதி, வட்டமான சிவப்பு முத்திரை குத்திக் கொடுத்தார். (முத்திரை சிவப்பாக இருக்கலாமாம். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.) அந்த ஒரு வரி:

"இவர் இந்தக் கிராமத்தில் பிறந்தவர்; பெயர்கள் பல முறை மாறின, கிராமம் இருந்த இடத்திலேயே இருக்கிறது."

அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கம் தனி ரகம். என் காலத்தில், பத்தொன்பது பக்க மனுக்களைக் கட்டோடு ஒதுக்கிவிட்டு, கிராம நிர்வாக அலுவலரின் ஒரு வரிச் சான்றை நம்பித்தான் நான் ஆயிரம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சிவமலர் அதை மொழிபெயர்க்கச் செய்து, கூடவே ஒரு பத்தி எழுதி அனுப்பினார். என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு காத்திருந்தோம். கிறிஸ்துமஸ் போயிற்று. சீனப் புத்தாண்டு போயிற்று. சுரைக்காய்கள் காய்த்து, எங்கள் வீட்டுக் கூட்டிலும் சாம்பாரிலும் தீர்ந்துகொண்டே வந்தன. அதற்குப் பெயர் தண்டனை என்பது எனக்குத் தெரியும். ஒரு காயை மட்டும் வெய் பறிக்கவில்லை. அது கொடியிலேயே தொங்கியது. தினமும் காலையில் வந்து விரல் நகத்தால் தட்டிப் பார்ப்பார், முற்றிவிட்டதா என்று. நான் சன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

இப்போது எங்கள் வீட்டில், மிளகாய்த்தூள் எங்கே என்று யாராவது கேட்டு நான் வாயெடுத்தால், "இணைப்பு வேண்டாம்" என்கிறாள் சரோஜா. அமெரிக்காவில் இருக்கும் என் மகன்கூட, போனில் உடம்பு எப்படி என்று விசாரிக்கும்போது, "ஒரே பத்தியில சொல்லுங்கப்பா" என்கிறான். பேத்தி எதற்கும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அவள் அறிந்த ஒரே ஆட்சித் தமிழ்ச் சொல் 'இணைப்பு நான்கு'. பள்ளிக் கட்டுரை நீண்டுவிட்டால் தன்னையே அப்படித் திட்டிக்கொள்கிறாள்.

பச்சை மை வரைபடம் பக்கத்து வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. போன வாரம் என்னை அதன் முன்னால் நிற்கவைத்து, விரலால் ஓரிடத்தைத் தட்டி, நான் பள்ளிக்கூடத்தை ஆற்றின் தவறான கரையில் வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார் திருமதி வெய். ஆதாரம் என் கையில் இருந்தது. வாய் திறக்கவில்லை. அவர் முற்றிப்போன அந்தக் கடைசிச் சுரையைக் குடைந்து, காயவைத்துச் செய்த தண்ணீர் மொள்ளும் குவளையை எனக்குக் கொடுத்தார். என் முருங்கைத் தொட்டிக்காம்.

அலுவலகத்தின் பதில் எப்போதுதான் வந்தது என்று கேட்பீர்கள். சுருக்கமாகத் தெரிவிக்கிறேன்.

மார்ச் பன்னிரண்டு.