வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வால்வு

இந்த மனுஷன் சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போனால்தான் நான் பிழைப்பேன்.

வாய்விட்டுச் சொல்லக்கூடிய வாக்கியம் இல்லை அது. அதனால் அவள் அதை உள்ளேயே வைத்துக்கொண்டு, வாய்க்கு வேறொன்றைக் கொடுத்தாள்.

"என்னங்க, இன்னும் வண்டிகிட்டயே உக்காந்திருக்கீங்க?"

கணவர் ஷெட்டில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கும் உறவினர் போல உட்கார்ந்திருந்தார்.

"மஞ்சள் லைட் எரியுது."

"எரியட்டுமே."

"எரிஞ்சா எக்ஸாஸ்ட் வால்வு மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம்."

எக்ஸாஸ்ட் வால்வு என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். வண்டி வாங்கிய அன்று சாப்பிடும்போது விளக்கியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்று ஒருநாள்தான். சைலன்சர் குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு. ஒரு சின்ன மோட்டார் இரண்டு கேபிள்களால் அதை இழுத்துத் திறக்கும், மூடும். சாவி போட்டதும் 'ங்ய்ங்' என்று ஒருமுறை முழுக்கத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்ளும். தூங்கி எழுந்தவர் சோம்பல் முறிப்பது போல. தகடு அசையாவிட்டால் மஞ்சள் விளக்கு.

"வண்டி ஓடுமில்ல?"

"ஓடும். ஆனா கேப்டன் விடமாட்டாரு."

கேப்டன் என்பவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பெரிய பெரிய வண்டிகளில் ஏறி, முதுகு வலிக்க வலிக்க மலைகளைப் பார்த்துவிட்டு வரும் சங்கம் ஒன்றை அவர்தான் நடத்தினார். பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் டார்ச்சோடு வருவார். சாவியைப் போடச் சொல்வார். மீட்டரில் ஒரு விளக்கு எரிந்தாலும் அந்த வண்டி பயணத்தில் கிடையாது. போன தடவை தன் சொந்த மச்சினனையே நிறுத்திவிட்டார்.

"மெக்கானிக்கிட்ட விட்டுடலாமே."

"சங்கத்துல அசிங்கம். நெடும்பயணம் போறவன் தன் வண்டியைத் தானே பாத்துக்கணும்." பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார். "பத்து நாளு. நீ தனியா இருந்துப்பியா?"

"இருந்துப்பேன்," என்றாள். பதில் கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டதோ என்று அப்புறம் கவலைப்பட்டாள்.

பெரிய ஆசை ஒன்றுமில்லை. அந்த வீட்டில் அவள் ஒரு முழுநாள் தனியாக இருந்ததே இல்லை. முதலில் மாமியார், பிறகு பிள்ளைகள், பிள்ளைகள் போன பிறகு இவர். காலையில் கண் விழித்ததும் யாரும் எதையும் கேட்காவிட்டால் தனக்கு முதலில் என்ன தோன்றும் என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை வயதில் அது தெரியாமல் இருப்பது ஒரு சின்னத் திருட்டுப் போல இருந்தது. யார் திருடியது என்றுதான் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பத்து நாட்கள் இப்போது ஒரு தகட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஆகவே அவள் எக்ஸாஸ்ட் வால்வின் மேல் பக்தி கொண்டாள்.

"துரு நீக்குற ஸ்ப்ரே இருக்கே, அதை அடிச்சுப் பாருங்களேன்."

"அடிச்சுடறேன்," என்றார் அவர், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக.

மறுநாள் காலை வண்டியைக் கிளப்பியபோது ஷெட்டிலிருந்து கரும்புகை எழுந்தது. எதிர்வீட்டு டீச்சர் மாடியில் காயப்போட்ட துணிகளையெல்லாம் இருமிக்கொண்டே அள்ளிக்கொண்டு போனார். அவள் ஓடிவந்து பார்த்தபோது கணவர் கையில் இருந்தது செயினுக்கு அடிக்கும் மெழுகு ஸ்ப்ரே. சூட்டில் மெழுகு உருகி, தகட்டைச் சுற்றிக் கட்டிப்போய் உட்கார்ந்திருந்தது.

"டப்பா ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு."

"அது நீலம், இது மஞ்சள்."

"ஒரே உயரம்," என்றார்.

சண்டை போட வேண்டிய இடம்தான். ஆனால் ஊருக்குப் போகிறவரோடு யாராவது சண்டை போடுவார்களா? "பரவால்ல விடுங்க," என்றாள். அந்த அன்பைக் கண்டு அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்திருக்க வேண்டும். நகர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்தது கேபிள்களைக் கழற்றித் தகட்டைச் சுத்தம் செய்யும் திட்டம். திறக்கிற கேபிள் ஒன்று, மூடுகிற கேபிள் ஒன்று. மாற்றிப் போட்டால் வண்டி எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்யும். கழற்றுவதற்கு முன்னால் அடையாளம் வைக்கச் சொல்லி, அவளே தன் நகப்பூச்சு பாட்டில் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று.

சாயங்காலம் ஒத்திகைக்காக வண்டி தெருமுனை வரை போனது. அங்கே ஆக்சிலேட்டரை முறுக்கியதும் ஒரு பெரிய விக்கல் விக்கிவிட்டு நின்றுபோனது. வேகம் வேண்டும்போது வால்வு மூடிக்கொண்டால் எந்த வண்டிக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும். இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதாவது அவர் ஹேண்டிலைப் பிடித்து வழிகாட்டினார். தள்ளும் பங்கு அவளுக்கு.

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தாள். இரண்டு கேபிளிலும் பளபளவென்று சிவப்பு.

"வெள்ளை என்னாச்சு?"

"சிவப்புதான் எடுப்பாத் தெரிஞ்சுது."

இவர் அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கே தலைவர் என்ற விஷயத்தை மட்டும் கொஞ்சநேரம் யோசித்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை அவள் தன் தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி எதையும் படித்ததில்லை, எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்திருந்தான். வந்த வேகத்தில் கேபிள்களைக் கழற்றி, மெழுகைச் சுரண்டி, கேபிள்களைச் சரியான இடத்தில் மாட்டினான். சாவியைத் திருப்பினான். மோட்டார் முனகியது. தகடு ஒரு நூல் நகர்ந்தது.

"அக்கா, அசையுது."

பிரசவ அறையில்கூட இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

"நல்ல வேலை மாப்ள," என்றார் கணவர். "அந்த கேபிள் தாங்கி மட்டும் லூசா இருக்கு. குடு, நான் இறுக்கறேன்."

"லேசா, மாமா."

'டக்' என்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை தனியாக உருண்டு அவள் காலடியில் வந்து நின்றது. உடம்பு உள்ளேயே தங்கிவிட்டது.

"லேசான்னு சொன்னேனே மாமா."

"லேசாத்தான் இறுக்கினேன்."

"ஸ்பேனர் மேல ஏறி நின்னீங்க."

"ஒத்தக் கால்லதான் நின்னேன்," என்றார் அவர். பிறகு கையைத் துணியில் துடைத்தபடி ஒரு ஞானி போலப் பெருமூச்சு விட்டார். "விட்டுடு மாப்ள. எனக்குக் குடுத்து வெக்கல. லீவு வேற போட்டாச்சு. பத்து நாளும் வீட்லயே உங்க அக்காவுக்கு ஒத்தாசையா இருக்கேன். சமையல் அலமாரியெல்லாம் என் முறைப்படி அடுக்கி வெக்கலாம்னு ரொம்ப நாளா எண்ணம்."

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிப் போனான்.

அன்று அவளால் சாப்பிட முடியவில்லை. அலமாரியைத் திறந்து திறந்து பார்த்தாள். எதிரில் உட்கார்ந்து கணவர் நிதானமாகச் சாப்பிட்டார். ஏமாற்றத்தை எவ்வளவு கண்ணியமாகத் தாங்கிக்கொள்கிறார் என்று தோன்றியது. வாரம் முழுக்கக் கறுத்த கையோடு அந்தக் குழாய்க்கடியில் கிடந்தவர். ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொள்ளவில்லை. இவளோ அவரை வீட்டை விட்டு அனுப்பும் ஒரே நினைப்போடு பக்கத்தில் நின்று டார்ச் அடித்திருக்கிறாள். தன்னைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. கொஞ்சம்தான். அதற்குள் அலமாரி ஞாபகம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவர் அலுவலகத்துக்குக் கிளம்பித் தெருமுனை திரும்பியதும், இருவருக்கும் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். ஒரு சின்ன வேன் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனது. மதியம் அவளே கடைக்குப் போய் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சங்கமாவது அசிங்கமாவது.

மெக்கானிக் வேலையைவிடப் பேச்சில் சுறுசுறுப்பானவர். உடைந்த போல்ட்டை எடுக்கும் வரைக்கும் தன் மகள் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், குழாய்க்குள் எட்டிப் பார்த்ததும் நிறுத்தினார்.

"என்ன மேடம், மெழுகுவத்தி ஃபேக்டரி மாதிரி இருக்கு?"

"டப்பா மாறிப்போச்சு. தெரியாம அடிச்சுட்டாரு."

"ஒரு தடவை அடிச்ச மாதிரி தெரியலயே. அடுக்கு அடுக்கா இருக்கு. மேல் அடுக்கு புதுசு."

"அவரு எதையும் அரைகுறையா செய்யமாட்டாரு," என்றாள், கணவரை விட்டுக்கொடுக்காமல்.

மெக்கானிக் அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

கணவர் வீடு திரும்பியபோது வண்டி துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் அவருடைய பை, ஹெல்மெட், மழைக்கோட்டு எல்லாம் தயாராக வரிசையில் நின்றன. அவள் சாவியைக் கையில் கொடுத்தாள். போட்டார்.

'ங்ய்ங்.'

விளக்கு எரியவில்லை. சாவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். குனிந்து மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"யாரு பண்ணா?"

"நான்தான் மெக்கானிக்கிட்ட குடுத்தேன். சங்கத்துல நீங்களே பண்ணதா சொல்லிக்குங்க."

"நல்லாப் பண்ணிருக்கான்," என்றார். குரல் கம்மியிருந்தது. கண்ணோரம் ஈரமாகக்கூட இருந்தது. "உனக்கு எதுக்கு இவ்ளோ சிரமம்?"

அந்த ஒரு நிமிஷம் அவள் உண்மையைச் சொல்லிவிட இருந்தாள். நன்றியோடு ஒருவர் கண்கலங்கி நிற்கும்போது சும்மா இருப்பது பாவம். 'உங்களுக்காக இல்லைங்க, எனக்காக' என்ற வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது.

"இரு, ஒரு போன் பண்ணிட்டு வரேன்," என்று அவர் அவசரமாகக் கொல்லைப்பக்கம் போனார். கேப்டனிடம் நல்ல செய்தியைச் சொல்லத்தான் இவ்வளவு துடிப்பு என்று நினைத்துக்கொண்டாள். சின்னப்பிள்ளை மாதிரி. வாக்கியத்தை விழுங்கிவிட்டுச் சமையலறைக்குள் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார். பேசி முடித்ததும் கேட் பக்கம் எட்டிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இங்கே அவள் போன் அடித்தது. மெக்கானிக்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்கதானே வேலை குடுத்தீங்க, அதனால உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். சார் இப்பதான் பேசினாரு. வாரம் பூரா கஷ்டப்பட்டு வால்வை மாட்டிக்க வெச்சதை நான் ஒரே மத்தியானத்துல கெடுத்துட்டேனாம். வீட்டை விட்டுப் போக மனசே இல்லையாம், கேப்டன்கிட்ட சொல்லவும் வெக்கமா இருக்காம். கேப்டன் செக் பண்ண வர்றதுக்குள்ள ஓடி வந்து வால்வை மறுபடி பழையபடி இறுக்கிக் குடுக்க முடியுமான்னு கேக்குறாரு. என்ன மேடம் சொல்லட்டும்?"

ஜன்னலுக்கு வெளியே கணவர் இன்னும் போனைப் பார்த்தபடியே நின்றிருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முடியாதுன்னு சொல்லிடுங்க."